ஆயுளும் ஆகாரமும்

ஐம்பத்து நான்கு வயது வரையில் நான் ஓர் ஆரோக்கியசாலி என்றே எண்ணிக் கொண்டிருந்தேன். இதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டால், யாரும் அதுவரை மறுத்துச் சொல்லவில்லை என்பதுதான் ஆதாரம். சென்ற வருஷம் ஒரு நாள், கோயமுத்தூரில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருக்கும் டாக்டர் அதை மறுத்துச் சொல்லிவிட்டார். என் ரத்தப் பரிசோதனைக் காகிதத்தை ஒரு முறை பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு முறை பார்த்தார். அந்த இரண்டாவது பார்வையிலேயே பாதி விஷயம் விளங்கிவிட்டது.

"மூன்று மாதத்துச் சர்க்கரைச் சராசரி 7.1 இருக்கிறது. 6.5-ஐத் தொட்டாலே நீரிழிவு என்றுதான் பெயர்" என்றார்.

"காபிக்கு அரைக் கரண்டி சர்க்கரைதானே போட்டுக் கொள்கிறேன், டாக்டர்?" என்று வாதாடினேன்.

"காபி கிடக்கட்டுங்க. மூன்று வேளையும் என்ன சாப்பிடுகிறீர்கள், அதைச் சொல்லுங்கள்."

சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. காலையில் இட்லி நான்கு. சட்டினி நன்றாக அமைந்துவிட்டால் ஆறு. மத்தியானம் சாம்பாருக்குச் சாதம், ரசத்துக்குச் சாதம், மோருக்குச் சாதம். பொரியல் என்பது இலையின் ஒரு மூலையில் திருஷ்டிப் பொட்டு மாதிரி இருக்கும். ராத்திரி தோசை, ஞாயிற்றுக்கிழமையானால் பரோட்டா. இவற்றுக்கு நடுவே பேக்கரி. எங்கள் ஊரில் பேக்கரியைக் கடக்காமல் எந்தத் தெருவையும் கடக்க முடியாது. தேநீர் குடிக்காமல் பேக்கரியைக் கடக்க முடியாது. தேங்காய் பன் இல்லாமல் தேநீர் இறங்காது.

டாக்டர் பேனாவை மேஜைமீது வைத்தார். "தகப்பனாருக்குச் சர்க்கரை உண்டா?"

"உண்டு. அறுபத்து நான்காம் வயதில் மாரடைப்பில் போய்விட்டார்."

"தாயார்?"

"எண்பத்திரண்டு ஆகிறது. காங்கயத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிராமத்தில் தனியாக இருக்கிறார். சர்க்கரை கிடையாது, ரத்தக் கொதிப்பு கிடையாது."

"அப்படியானால் மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுங்கள், தினம் நடங்கள், ஒரு தடவை ஊருக்குப் போய், உங்கள் அம்மா என்ன சாப்பிட்டு வளர்ந்தார்கள் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள்" என்றார்.

அவர் பாதி வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் நான் அதை முழு வைத்தியமாகவே எடுத்துக் கொண்டேன்.

*

நடக்கச் சொன்னால், நடையைப் பற்றி ஒரு புஸ்தகம் வாங்கிப் படித்துவிட்டுத்தான் செருப்பை மாட்டும் ஜாதியைச் சேர்ந்தவன் நான். ஆகையால் ஊருக்குப் புறப்படும் முன்பு ஒரு மாத காலம் ஆகாரத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படித்ததில் முதல் ஆச்சரியம், இந்த ஆராய்ச்சியின் பூர்விகங்களில் ஒன்று எங்கள் வீட்டு மாடியிலிருந்து தெரியும் மலையில் இருக்கிறது என்பதுதான்.

மழை பெய்து வெளுத்த காலையில் கோயமுத்தூரிலிருந்து வடக்கே பார்த்தால் நீலகிரி தெரியும். மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறினால் குன்னூர் வரும். அந்தக் குன்னூரிலுள்ள பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் 1918-ஆம் வருஷம் ராபர்ட் மக்காரிசன் என்ற டாக்டர், குறைச் சத்துணவினால் வரும் நோய்களைப் பற்றி ஆராயத் தொடங்கினார். அவர் தொடங்கிய ஆராய்ச்சிச் சாலைதான் பிறகு வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரில் இருக்கிறது.

மக்காரிசன் இந்தியாவின் பல பிரதேசத்து ஜனங்களின் ஆகாரத்தைத் தனித்தனியாகச் சமைத்து, வெள்ளெலிக் கூட்டங்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, வெண்ணெய், பால், பருப்பு, காய்கறி என்று சீக்கியர் உண்பதை உண்ட எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்து முதலிடம் பெற்றன. தீட்டிக் கழுவிய அரிசி, கொஞ்சம் பருப்பு, கொஞ்சம் காய், புளி, காபி என்று சென்னை ராஜதானிக்காரர் உண்பதை உண்ட எலிகளுக்குக் கடைசி இடம் கிடைத்தது. பரீட்சையில் நம்மவர்கள் கடைசியில் நின்றார்கள் என்றால் யாருக்குத்தான் ரோஷம் வராது? ஆனால் ஓர் ஆறுதலும் உண்டு. வெள்ளை ரொட்டி, செயற்கை வெண்ணெய், டப்பா இறைச்சி, ஜாம், இனிப்புத் தேநீர் என்று இங்கிலாந்து ஏழைகள் உண்பதை வேறொரு கூட்டத்துக்குக் கொடுத்தார். அறுபது நாள் ஆவதற்குள் அவை ஒன்றையொன்று கடித்துத் தின்னவே ஆரம்பித்துவிட்டனவாம்! அதைப் படித்த அன்று நான் பேக்கரிப் பக்கம் போகவில்லை.

இதிலிருந்து, அரிசி கெட்டது, கோதுமை நல்லது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மக்காரிசனுக்குப் பின் குன்னூருக்கு வந்த அய்க்ராய்டு இன்னொரு விஷயத்தைக் கவனித்தார். ராஜதானியின் வடகோடியில் தெலுங்கு ஜில்லாக்களில், மில்லில் தீட்டிய பச்சரிசி சாப்பிட்டவர்களுக்கு 'பெரிபெரி' என்ற நோய் வந்தது. தமிழ் ஜில்லாக்களிலும் அரிசிதான், ஆனால் நோய் இல்லை. காரணம் புழுங்கல். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுதும் போவதில்லை. ஒரே நெல்தான், பக்குவம் வேறு, பலன் வேறு. தானியத்தின் பெயரைக் கேட்டு மயங்காதே, அதை என்ன செய்தார்கள், அதனுடன் எதைச் சேர்த்தார்கள் என்று பார் என்பது குன்னூர் நமக்குச் சொல்லும் பாடம்.

எலிகளின் கதை போதும், மனிதர்களின் கதை என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். 2025-ஆம் வருஷம் ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்களும் வேறு சிலரும் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் மருத்துவத் தொழில் செய்தவர்கள் சுமார் 1,05,000 பேரை, நடு வயதிலிருந்து 30 வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். எழுபதாம் வயதில் பெரிய நோய் எதுவும் இல்லாமல், நினைவு தடுமாறாமல், மனம் சோராமல், தம் காரியத்தைத் தாமே செய்து கொண்டவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை, 9.3 பேர்தான். காய், கனி, கீரை, பருப்பு, கொட்டைகள், முழுத் தானியம் ஆகியவற்றை அதிகமாகவும், உப்பு, சர்க்கரைப் பானம், பதப்படுத்திய இறைச்சி ஆகியவற்றைக் குறைவாகவும் உண்டவர்களுக்கு, இதற்கு நேர்மாறாக உண்டவர்களைக் காட்டிலும் அந்தப் பாக்கியம் கிட்டும் வாய்ப்பு 86 சதவிகிதம் அதிகமாயிருந்தது. இவர்கள் அமெரிக்கர்கள், வசதி உள்ளவர்கள், நல்ல ஆகாரம் உண்பவர் மற்ற விஷயங்களிலும் ஜாக்கிரதையாக இருந்திருக்கலாம். இவ்வளவு கழித்துப் பார்த்தாலும், மிச்சம் இருப்பது அலட்சியம் செய்யத்தக்கதல்ல.

ஐம்பத்து நான்கு வயதுக்காரனுக்கு இதைவிடவும் முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: "இனிமேல் திருந்தி என்ன பிரயோஜனம்?" இதற்கு நார்வே தேசத்துப் பெர்கன் சர்வகலாசாலைக்காரர்கள் 2022-இல் ஒரு கணக்குப் போட்டிருக்கிறார்கள். வழக்கமான அமெரிக்க ஆகாரத்தை உண்டு வந்த ஒருவர் அறுபதாம் வயதில் முற்றிலும் திருந்தி, அதிலேயே நிலைத்து நின்றால், சுமார் எட்டு வருஷம் ஆயுள் கூடக்கூடும். எண்பதில் திருந்தினாலும் மூன்று வருஷத்துக்கு மேல் கூடும் என்கிறார்கள். இது கணக்குதான், சித்திரகுப்தன் கையெழுத்துப் போட்ட பத்திரம் அல்ல. ஆனால் அந்த வருஷங்களை அதிகமாகத் தருவது எது என்று பார்த்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முதலிடம் பயறு பருப்பு வகைகளுக்கு! பிறகு முழுத் தானியம், பிறகு கொட்டைகள். பச்சைப் பயறும், தட்டைப் பயறும், கொள்ளும், நிலக்கடலையும் விளைகிற கொங்கு நாட்டில் பிறந்துவிட்டு, இதை நார்வேக்காரர் வாயிலாகத் தெரிந்து கொள்ள வேண்டியிருந்தது.

*

இவ்வளவையும் படித்துவிட்டு என் மனைவியிடம் பிரசங்கம் செய்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மறுநாளே கடைக்குப் போய் ராகி சேமியா, தினை பிஸ்கட், கம்பு நூடுல்ஸ் என்று ஒரு பை நிறைய வாங்கி வந்தாள். 2023-ஆம் வருஷத்தை ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசச் சிறுதானிய வருஷமாகக் கொண்டாடியதிலிருந்து, சிறுதானியம் என்று எழுதாத டப்பாவே கடையில் இல்லை போலிருக்கிறது. பிஸ்கட் மிகவும் ருசியாக இருந்தது. ருசியாக இருந்ததால் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தேன். முதலில் கோதுமை மாவு, பிறகு சர்க்கரை, பிறகு எண்ணெய், அதற்கும் பிறகு, கலியாண வீட்டில் கடைசிப் பந்திக்கு வந்த தூரத்து உறவினர் போல, கொஞ்சம் தினை.

நம் தேசத்திலேயே நடந்த ஆராய்ச்சி ஒன்று இந்த விஷயத்தில் கண்ணைத் திறந்துவிட்டது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருக்கிறது என்று 2023-இல் கணக்கிட்டுச் சொன்ன குழுவினரே, 2025-இல் நாட்டின் எல்லா மாகாணங்களிலும் சேர்த்து 1,21,000 பேரின் ஆகாரத்தைப் பற்றி எழுதினார்கள். நாம் பெறும் சக்தியில் 62 சதவிகிதம் மாவுச் சத்திலிருந்தே வருகிறது. தீட்டிய அரிசிக்குப் பதிலாக நைஸாக அரைத்த கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைத்துக்கொண்டதனால் மட்டும் நீரிழிவு அபாயம் குறையவில்லை. மாவுச் சத்தில் ஒரு சிறு பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு பயறுகளிலிருந்தோ பால் மோரிலிருந்தோ புரதத்தை வைத்தபோதுதான் அபாயம் குறைந்து காணப்பட்டது.

ஆக, நான்கு இட்லிக்குப் பதில் நான்கு ராகி தோசை சாப்பிட்டுவிட்டுப் புண்ணியம் சம்பாதித்ததாக எண்ணக் கூடாது. இலையின் நடுவில் இருப்பது குறைய வேண்டும். மூலையில் இருப்பது நடுவுக்கு வர வேண்டும். படிப்பின் சாரம் இவ்வளவுதான்.

*

இந்தச் சாரத்தோடு ஒரு சனிக்கிழமை கிராமத்துக்குப் புறப்பட்டேன். பல்லடம் தாண்டி பஸ் போகப் போக, வெளியே கிளுவை வேலியும் கொறங்காடும் வரத் தொடங்கியதும், உள்ளே பழைய ஞாபகங்கள் வரத் தொடங்கின.

எங்கள் ஊர் மானாவாரி பூமி. கம்பு, சோளம், கொள்ளு இவைதான் விளையும். நெல்லஞ்சோறு என்பது நோம்பிக்கும் விருந்துக்கும் உரியது. என் தகப்பனார் களியும் கம்பஞ்சோறும் தின்று பள்ளிக்கூடம் போய், கோயமுத்தூரில் ஒரு நூல் மில்லில் குமாஸ்தா வேலைக்கு வந்தவர். வந்த நாளில் அவர் செய்த சபதம், "என் குழந்தைகள் களி தின்று வளரக் கூடாது" என்பது. மூன்று வேளையும் வெள்ளை வெளேரென்று சோறு போடுவதே மனிதன் முன்னுக்கு வந்துவிட்டதற்கு அடையாளம் என்று அவர் நினைத்தார். அவர் மட்டும் அல்ல; அந்தத் தலைமுறையே அப்படி நினைத்தது. 1955-இல் பவானிசாகர் அணை கட்டி முடிந்தது. வாய்க்கால் பாய்ந்த இடங்களில் நெல் பெருகியது. ரேஷன் கடை வந்தது. 2011 முதல் அரிசி விலையில்லாமலே கிடைத்தது. பசியை அறிந்தவர்கள் அரிசியைக் கொண்டாடியதைப் பார்த்துச் சிரிக்க, பசியை அறியாத நமக்கு யோக்கியதை இல்லை.

ஆனால் எங்கள் வீட்டு அடுப்பில் எப்போதும் இரண்டு சட்டி இருக்கும். பெரிய சட்டியில் அப்பாவுக்கும் எங்களுக்கும் சோறு. சின்னச் சட்டியில், ஊரிலிருந்து மூட்டையில் வந்த கம்போ ராகியோ, அம்மாவுக்கு. "ஏம்மா நீ சோறு சாப்பிடுவதில்லை?" என்று கேட்டால், "நெல்லஞ்சோறு எனக்கு ஆகாது கண்ணு, வயிறு மந்திச்சுக்கும்" என்பாள். நாங்கள் நம்பினோம். மாதக் கடைசியில் அரிசி டின்னின் அடியைச் சுரண்டும் சப்தம் எதனால் வருகிறது என்று யோசிக்கிற வயது எங்களுக்கு அப்போது இல்லை. பிறகு வயது வந்தபோது, யோசிக்க அவகாசம் இல்லை.

சோற்றில் கௌரவத்தைக் கண்ட அப்பா அறுபத்து நான்கில் போய்விட்டார். சின்னச் சட்டிக்காரி எண்பத்திரண்டில் இருக்கிறாள். இதுவே அத்தாட்சி என்று மேஜையைத் தட்டிச் சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்பா தினம் ஒரு கட்டு பீடி குடித்தவர்; நாற்காலியில் உட்கார்ந்தே முப்பது வருஷத்தைக் கழித்தவர். அம்மாவோ உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒரு குடும்பத்தை வைத்துக்கொண்டு உலகத்துக்குச் சட்டம் எழுத முடியாது.

எங்கள் ஜில்லாவிலேயே காரமடைக்குப் பக்கம் தேக்கம்பட்டியில் பாப்பம்மாள் என்ற மூதாட்டி இருந்தார். சிறு கடை வைத்துச் சம்பாதித்து, பவானிக் கரையில் நிலம் வாங்கி, நூறு வயதைக் கடந்த பிறகும் வயலில் இறங்கி வேலை செய்தவர். 2021-ஆம் வருஷம் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2024 செப்டம்பரில் காலமானார். அவர் என்ன சாப்பிட்டார் என்று தெரிந்து கொள்ள யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் அவரோடு ஒரே கிராமத்தில் பிறந்து, ஒரே கம்பைத் தின்று, பத்து வயதிலும் முப்பது வயதிலும் போனவர்களிடம் யாரும் ரகசியம் கேட்பதில்லை. நம் தேசம் சுதந்திரம் அடைந்த காலத்தில் சராசரி ஆயுள் சுமார் 32 வருஷம். கம்பஞ்சோறு அவர்களைக் காலராவிலிருந்தும் பெரியம்மையிலிருந்தும் பிரசவ மரணத்திலிருந்தும் காப்பாற்றவில்லை. அம்மை குத்துதலும் ஆஸ்பத்திரியும் சுத்தமான தண்ணீரும் வந்துதான் நம்மை அறுபதுக்கும் எழுபதுக்கும் கொண்டுவந்து சேர்த்தன. அங்கே வந்து சேர்ந்த பிறகு, நாம் எப்படி இருக்கப் போகிறோம் என்பதைத்தான் ஆகாரம் பெரிதும் தீர்மானிக்கிறது. முன்னோர்களுக்கு இலை நன்றாக இருந்தது, ஆயுள் இல்லை. நமக்கு ஆயுள் கிடைத்தது, இலையைத் தொலைத்துவிட்டோம். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் வாய்ப்பு முதல் முதலாக நமக்குத்தான் வாய்த்திருக்கிறது.

*

அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருந்ததே எனக்குப் புதிதாக இருந்தது. நான் வந்த காரியத்தைச் சொன்னேன். நோட்டுப் புஸ்தகத்தையும் பேனாவையும் எடுத்ததைக் கண்டு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இதையெல்லாமா எழுதுவாங்க? கம்பைத் தண்ணி தெளிச்சு உரல்ல குத்தி, உமியைப் புடைச்சு, மறுக்காக் குத்தி, கொரகொரன்னு இருக்கறப்பவே எடுத்துப் பொங்கோணும். நைஸாப் போயிட்டா அது சோறு இல்லே, கூழு. அதும் மேலே பச்சைப் பயறு கடைஞ்சோ, தட்டைப் பயத்தங் குழம்போ. வாரத்துல ரெண்டு நாளு கொள்ளு. பருப்பைத் தாளிச்சுட்டு, வடிச்ச தண்ணியிலே ரசம். காட்டுலே மழை பேஞ்சா பண்ணைக் கீரை, தொய்யக் கீரை, ஒரு சட்டி நெறையக் கடையறது. மோருக்குக் கொறைவே இல்லே. கடலைக்கா பறிக்கற காலத்திலே மடி நெறையக் கடலை. கறி எப்பவாச்சும் நோம்பிக்கு. இனிப்பும் நோம்பிக்குத்தான்."

நான் எழுதிக்கொண்டே போனேன். அய்க்ராய்டும் ஹார்வர்டும் பெர்கனும் சொன்னது அத்தனையும் அந்தத் திண்ணையில் வரிசையாக வந்துவிட்டது. குறைவாகத் தீட்டிய தானியம், அதன்மேல் தாராளமாகப் பயறு, கை நிறையக் கீரை, மோர், கொட்டை. 'கொரகொரன்னு' என்ற ஒரு வார்த்தைக்கு, அரைத்த மாவைக் காட்டிலும் குருணை மெல்ல ஜீரணமாகிறது என்று நான் ஒரு பக்கம் படித்திருந்தேன்.

பொழுது சாய்ந்தது. "ராத்திரிக்கு என்னம்மா?" என்றேன். அம்மா கொஞ்சம் தயங்கினாள். "உனக்குத் தோசை ஊத்தறேன் கண்ணு" என்றாள்.

"உனக்கு?"

"எனக்கென்ன, ஆச்சு போச்சு. வறுக்கியைக் காபியிலே நனைச்சுத் தின்னாப் போவுது."

அடுப்பு மேடைக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு டப்பா நிறைய வறுக்கி. பக்கத்தில் பேக்கரி பன். பருப்பு டப்பாவில் வண்டு. உரல் வாசலில் கவிழ்ந்து கிடந்தது; அதன்மேல் கோழி நின்று கொண்டிருந்தது.

கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுத் தெரிந்து கொண்டேன். கடைவாய்ப் பற்கள் போய் மூன்று வருஷம் ஆயிற்று. பயறு மெல்ல முடிவதில்லை. கம்பு குத்தக் கையில் வலு இல்லை. காலையில் இரண்டு இட்லி, மத்தியானம் ஒரு பிடி ரசம் சாதமும் கொஞ்சம் தயிரும், ராத்திரி வறுக்கி. "ஒத்தை ஆளுக்கு என்னத்தைப் பொங்கறது, போ" என்றாள். மருந்துக் கடையில் நிறுத்துப் பார்த்தபோது எடை 42 கிலோ இருந்ததாம். முன்பு 50-க்கு மேல் இருந்தவள்.

வயதானவர்களுக்கு எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் தினம் ஒரு கிராம் புரதமாவது வேண்டும் என்பது நிபுணர்கள் பலர் சொல்வது. அது குறைந்தால் தசை கரையும், தசை கரைந்தால் கால் தடுமாறும், கால் தடுமாறினால் இடுப்பெலும்பு முறியும், அதற்கப்புறம் படுக்கைதான். அம்மாவின் ஒரு நாள் ஆகாரத்தை அதே நோட்டுப் புஸ்தகத்தில் கணக்கிட்டேன். இருபது கிராம் தேறவில்லை. 'சர்க்கரை கிடையாது, கொதிப்பு கிடையாது' என்று டாக்டரிடம் பெருமையாகச் சொன்னேனே, அந்த ஆரோக்கியத்துக்குப் பின்னால் பட்டினி ஒன்று ஒளிந்துகொண்டிருந்தது. நான் அதிகமாகத் தின்று நோயாளி ஆனேன். அவள் தனியாகத் தின்று நோயாளி ஆகிக் கொண்டிருந்தாள். வைத்தியம் கேட்டு வந்தவன், வைத்தியரே படுத்துவிடும் நிலையில் இருப்பதைக் கண்டேன். நான்கு மாதத்துக்கு ஒரு முறை வந்து, தோசை தின்று, "அம்மா நன்றாகத்தான் இருக்கிறாள்" என்று திரும்பிப் போனவனும் நான்தான்.

*

அம்மாவைக் கோயமுத்தூருக்கு அழைத்து வருவது சுலபமாக இருக்கவில்லை. இரண்டு ஆடுகள் இருந்தன, கோழிகள் இருந்தன, எல்லாவற்றுக்கும் மேலாகப் பிடிவாதம் இருந்தது. "எனக்குக் கம்பஞ்சோறு செய்யத் தெரியவில்லை, உன் மருமகளுக்கும் தெரியாது, நீ வந்து சொல்லிக் கொடுக்காவிட்டால் என் சர்க்கரை இறங்காது" என்றேன். அது பலித்தது. தன் உடம்புக்காக வராதவள் என் உடம்புக்காகப் புறப்பட்டாள்.

இப்போது எங்கள் வீட்டில் கம்பை மிக்ஸியில் குருணையாக உடைத்துக் கொள்கிறோம். "கொரகொரன்னு" வரும் வரையில் அம்மா பக்கத்தில் நின்று மேற்பார்வை செய்கிறாள். என் தட்டில் பாதி இடம் காய்க்கும் கீரைக்கும். கால் இடம் பயறுக்கு. மிச்சம் கால் இடத்தில்தான் கம்போ, சோளமோ, சில நாள் சோறோ. நாள் ஒன்றுக்கு 400 கிராம் காய்கறியும் கீரையும், 100 கிராம் பழமும் வேண்டும் என்று ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் சொல்லியிருக்கிறது. எடை போட்டுப் பார்த்தபோது, இதுவரை நான் அதில் கால் பங்குகூடத் தின்றதில்லை என்று தெரிந்தது. பேக்கரித் தேநீர் நிற்கிறது, பன் நின்றுவிட்டது. அதற்குப் பதில் ஒரு கைப்பிடி வேகவைத்த கடலை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பயறு பருப்பைக் கூட்டும் முன் டாக்டரைக் கேட்க வேண்டும் என்பதையும் வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதம் கழித்து என் சராசரி 6.4-க்கு வந்தது. டாக்டர் மாத்திரையை நிறுத்தவில்லை. நானும் நிறுத்தச் சொல்லவில்லை.

அம்மாவுக்குப் பல் கட்டியாயிற்று. ஆனாலும் அவளுடைய ஆகாரம் வேறு. எனக்குக் குறைய வேண்டியது அவளுக்குக் கூட வேண்டும். காலையில் ஒரு முட்டை, இரண்டு வேளை பால், குழைய வேகவைத்த பயறு, ராத்திரி அரிசியும் பருப்பும் ஒன்றாக வேகவைத்து நெய் விட்ட எங்கள் பக்கத்து அரிசி பருப்புச் சாதம். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு நல்ல ஆகாரம் என்பது ஒரே ஆகாரம் அல்ல என்பதை அறிய எனக்கு இவ்வளவு காலம் ஆயிற்று. எடை மூன்று கிலோ கூடியிருக்கிறது. சோபாவிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்திருக்கிறாள். இதையெல்லாம் விட, ராத்திரி எட்டு மணிக்கு, "வாங்க, எல்லாரும் உக்காருங்க" என்று கூப்பிடுகிறாள். அந்தக் கூப்பாட்டில் எத்தனை கிராம் புரதம் இருக்கிறது என்று எந்த அட்டவணையிலும் போட்டிருக்கவில்லை.

சென்ற வாரம் ஒரு ராத்திரி, வழக்கம்போல் என் மனைவி அடுப்பிலிருந்து இரண்டு பாத்திரங்களை இறக்கி வைத்தாள். பெரியதில் அம்மாவுக்கும் குழந்தைகளுக்கும் அரிசி பருப்புச் சாதம். சின்னதில் எனக்குக் கம்பு. அம்மா ஒரு கவளத்தை வாயில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, மெல்ல மென்று விழுங்கினாள்.

"நெல்லஞ்சோறு உனக்கு ஆகாதே அம்மா? வயிறு மந்தித்துக் கொள்ளுமே?" என்றேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்தபடியே, "அதை நீ நெசமுன்னா நெனைச்சுட்டே?" என்றாள். பிறகு தட்டை மருமகள் பக்கம் நீட்டி, "இன்னுங் கொஞ்சம் போடு சாமி" என்றாள்.